ஜர்பால் வயலில் இருபத்தொரு வயது

1971 டிசம்பர் 16 என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, டாக்கா மைதானத்தில் மேசை போட்டுப் பாகிஸ்தான் படைத்தளபதி நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திடும் அந்தப் புகைப்படம்தான். அந்தக் கையெழுத்து விழுந்தது மாலையில். அதே நாள் காலையில், நாட்டின் மேற்கு எல்லைக்கு அப்பால், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றைத் தாண்டிய வயல்வெளியில், ஜர்பால் என்னும் சிற்றூரை ஒட்டிச் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் தம்முடைய டாங்கிக்குள்ளேயே உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அந்த ஆண்டு ஜூன் 13 அன்றுதான் தோளில் நட்சத்திரம் ஏறியிருந்தது. மேற்கு முனையில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது மறுநாள் டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்கு. முழுதாக இரண்டு நாள்கூட இல்லாத இந்த இடைவெளியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக வானொலிக் கருவியில் அவர் சொன்ன ஒரே ஒரு மறுமொழியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது நினைக்கத் தக்கதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கதையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது, அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து லாகூரில் ஒரு வீட்டில் நடந்தது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவர் யாருடைய பிள்ளை, அன்று காலை என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அருண் 1950 அக்டோபர் 14 அன்று பூனாவில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன குடும்பம். கொள்ளுத்தாத்தா சீக்கியரின் கால்சா படையில் இருந்து, சில்லியன்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர், தாத்தா முதல் உலகப்போரில் அதே ஆங்கிலேயரின் இந்தியப் படையில் பணியாற்றியவர், தந்தை எம்.எல். கேத்தர்பால் இராணுவப் பொறியாளர் படையில் அதிகாரியாக இருந்து பிரிகேடியராக உயர்ந்தவர். தந்தையின் சொந்த ஊர் சர்கோதா. 1947இல் கோடு கிழிக்கப்பட்டபோது அந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. எனவே அந்தக் குடும்பத்துக்கு எல்லைக்கு அப்பாலிருந்த மண் வெறும் எதிரி நாடு மட்டுமல்ல, விட்டுவந்த சொந்த ஊரும்கூட என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றதை வாசிக்க வேண்டும்.

சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் படித்து, 1967இல் தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்து, பிறகு டேராடூன் இராணுவ அகாதெமியில் பயிற்சி முடித்து, பூனா ஹார்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் 17ஆவது டாங்கிப் படைப்பிரிவில் அருண் சேர்ந்தார். 1965 போரில் லெப்டினன்ட் கர்னல் தாராபூர் உயிர் கொடுத்து, போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற அதே படைப்பிரிவு அது. போர் மூண்ட நேரத்தில் அருண் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். பயிற்சி பாதியில் நிறுத்தப்பட்டு எல்லோரும் தத்தம் படைப்பிரிவுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழியில் டில்லியில் வீட்டுக்குப் போய்விட்டு, கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்கு அணியும் நீல நிறச் சீருடையையும் எடுத்துக்கொண்டு போர்முனைக்குக் கிளம்பினாராம். இவை எதற்கு என்று கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் ஆட வேண்டும், வெற்றிக்குப் பிறகு விருந்து இருக்குமல்லவா, அதற்குச் சீருடை வேண்டாமா என்று பதில் சொன்னதாக அவரோடு இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இருபத்தொரு வயதின் பேச்சு இப்படித்தான் இருக்கும். அன்றிரவு சாப்பாட்டின்போது, உன் தாத்தாவும் அப்பாவும் சண்டை பார்த்தவர்கள், நீயும் சிங்கம்போல் போரிடு, கோழையாகத் திரும்பாதே என்று அவருடைய தாய் சொன்னதாகவும் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை வீரத்தாயின் வாக்கு என்று மேடைகளில் புகழ்கிறார்கள். புறநானூற்றுத் தாய்மாரோடு ஒப்பிடவும் ஒப்பிடலாம். எனக்கோ, அதைச் சொன்ன வாய் அடுத்த இரண்டு வாரங்களில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதே முதலில் தோன்றுகிறது.

போர்க்களத்தைப் பற்றிக் கொஞ்சம். ஷகர்கர் பகுதி, வரைபடத்தில் பாகிஸ்தானின் பக்கத்திலிருந்து இந்தியாவுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும் நிலம். அங்கிருந்து கிளம்பி ஜம்முவுக்கும் பஞ்சாபுக்கும் இடையிலான சாலையை அறுத்துவிட்டால் காஷ்மீர் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால் இரு தரப்புக்கும் அது உயிர்நிலையான இடம். பாகிஸ்தான் தரப்பு அங்கே பரந்த கண்ணிவெடி வயல்களைப் புதைத்து வைத்திருந்தது. டிசம்பர் 15 இரவில் 47ஆவது காலாட்படை பிரிகேடு பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் ஊன்றியது. அந்த பிரிகேடில் நம்முடைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் 16ஆவது பட்டாலியனும் இருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அந்தப் போரில்தான் இறந்து, பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையிலுள்ள மகாவீர் சக்கரம் பெற்றார். கண்ணிகளை அகற்றிப் பாதை போட்ட 9ஆவது பொறியாளர் படைப்பிரிவு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தது. அந்தப் பணியில் முன்னின்ற மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி, எதிரியின் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். ஜர்பாலைப் பிடித்த கிரனேடியர் படையின் மேஜர் ஹோஷியார் சிங்கும் பரம்வீர் சக்கரம் பெற்று, உயிரோடு திரும்பினார். அருண் தனியாக நின்ற களம் அல்ல அது என்பதற்காகவே இவ்வளவு பெயர்களையும் சொல்கிறேன்.

கண்ணிகளை அகற்றும் வேலை பாதியில் இருக்கும்போதே, அக்கரையில் எதிரியின் டாங்கிகள் நடமாடும் ஓசை கேட்கத் தொடங்கியது. டாங்கித் துணை இல்லாத காலாட்படை விடிவதற்குள் நசுக்கப்பட்டுவிடும். பாதை முழுதாகத் தயாராகும்வரை காத்திருக்க முடியாது என்று பூனா ஹார்ஸின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங் முடிவெடுத்தார். கண்ணிகள் இன்னும் கிடந்த நிலத்தின் வழியாகவே டாங்கிகள் இரவோடு இரவாக அக்கரை சேர்ந்தன. காலை எட்டு மணியளவில் புகைத்திரை போட்டுக்கொண்டு பாகிஸ்தானின் 13ஆவது லான்சர்ஸ் படைப்பிரிவு பாட்டன் டாங்கிகளுடன் எதிர்த்தாக்குதலில் இறங்கியது. முன்னால் நின்ற ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவின் ஒரு டாங்கி அணி, எண்ணிக்கையில் மிகுந்த எதிரியைத் தாங்க முடியாமல் வானொலியில் துணை கேட்டது. அந்த அழைப்பு அருணுக்கு வந்தது அல்ல. அவர் வேறு ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். ஆனாலும் அருகிலிருந்தவர் என்ற முறையில் தம்முடைய டாங்கிகளோடு கிளம்பினார். வழியில் ஆற்றங்கரைப் பதுங்குநிலைகளிலிருந்து இன்னும் சுட்டுக்கொண்டிருந்த எதிரிகளின் மேல் டாங்கிகளை நேரே ஏற்றி, கைத்துப்பாக்கி முனையில் அவர்களைச் சிறைப்பிடித்துவிட்டு மேலே போனார் என்று பரம்வீர் சக்கரத்துக்கான அரசுக் குறிப்பே சொல்கிறது.

அவருடைய டாங்கி, பிரிட்டனில் செய்யப்பட்ட செஞ்சூரியன்; ஏறத்தாழ ஐம்பது டன் எடை. அதற்கு ஃபமகுஸ்தா என்று பெயர். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். ஓட்டியவர் பிரயாக் சிங், பீரங்கியைக் குறிவைத்துச் சுட்டவர் நாத்து சிங், குண்டுகளை நிரப்பி வானொலியையும் கவனித்தவர் நந்த் சிங், மேலே தலைமை தாங்கியவர் அருண். டாங்கி என்றதும் பாதுகாப்பான இரும்புக் கோட்டை என்றுதான் வெளியிலிருந்து தோன்றும். உள்ளே ஆள் நிமிர இடமில்லை. காலுக்கடியிலும் பக்கவாட்டிலும் குண்டுகளும் எரிபொருளும். கவசத்தைத் துளைத்து ஒரு குண்டு உள்ளே வந்துவிட்டால், அந்தக் கவசமே சில்லுகளாகப் பெயர்ந்து உள்ளிருப்பவர்களைத் தாக்கும். அது தெரிந்துதான் அந்த நால்வரும் அன்று உள்ளே இருந்தார்கள்.

சண்டையின் உச்சத்தில் இந்தியத் தரப்பில் அங்கே நின்றவை மூன்று டாங்கிகள்தாம். எதிரியின் டாங்கிகள் பத்து அழிக்கப்பட்டன. அவற்றில் நான்கு அருணின் கணக்கில் சேர்பவை. நம் தரப்பின் மூன்றில் ஒன்று அடிபட்டு விழுந்தது, இன்னொன்றின் பீரங்கி செயலிழந்தது. ஃபமகுஸ்தாவும் அடிபட்டுத் தீப்பற்றியது. டாங்கியை விட்டு இறங்கிவிடும்படி மேலதிகாரியிடமிருந்து வானொலியில் கட்டளை வந்தபோதுதான் அந்தப் புகழ்பெற்ற மறுமொழி: இறங்கமாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இவர்களை விடப்போவதில்லை. சொல்லிவிட்டு வானொலியை அணைத்துவிட்டார். அவர் பின்வாங்கியிருந்தால் எதிரிக்கு வழி திறந்திருக்கும் என்பது போர் வரலாறு எழுதியவர்களின் முடிவு. அதனால் அந்த மறுப்பை வெறும் இளமை முறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பிறகு நூறு மீட்டருக்கும் குறைந்த தொலைவில் வந்து நின்ற கடைசி டாங்கியோடு அவர் மோதினார். இரண்டும் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டன. நந்த் சிங் இறந்தார். அருண் படுகாயமடைந்து, வெளியே வர முடியாமல் அங்கேயே இறந்தார். மற்ற இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். எதிரி அந்த இடத்தைத் தாண்டி வரவில்லை.

டில்லியில் வீட்டாருக்கு இது தெரியாது. போர் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு நிம்மதியடைந்து, பிள்ளை வரப்போகிறான் என்று அறையைத் துப்புரவு செய்து வைத்திருந்தார்கள். போர் நின்று சில நாட்களுக்குப் பிறகு வந்தது தந்தி.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குத் தந்தியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் எங்கள் பகுதியில் உண்டு. சைக்கிளில் தந்திக்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே, அவர் எந்த வீட்டின் முன் காலூன்றுகிறார் என்று திண்ணைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். உறையைப் பிரிக்கும் முன்பே அழுகுரல் எழுந்துவிடும். எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு அப்படி ஒரு தந்தி வந்தது. மகன் வடக்கே எங்கோ பனிமலையில் பணியில் இருந்தவர், கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பிறகு அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பட்டாள எண்ணும் பெயரும் எழுதியிருந்தன. அதைப் பரணில் ஏற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார் அந்த அம்மா. விடுப்பில் ஊருக்கு வரும் ஒவ்வொரு மிலிட்டரிக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடைசியில என் புள்ள தண்ணி கேட்டானாப்பா? பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?" வந்தவர்கள் வேறு வேறு படைப்பிரிவுகளில் இருந்தவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிலர் ஆறுதலுக்கு ஏதோ சொல்வார்கள். அது பொய் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுக்கொள்வார். பதக்கமோ ஓய்வூதியமோ எதுவும் அந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை.

அந்தக் கேள்வி பிரிகேடியர் கேத்தர்பாலுக்கும் இருந்திருக்கும். இராணுவ அதிகாரி என்பதால் களத்தின் விவரம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். மகனுடைய படைப்பிரிவினர் சொல்லியிருப்பார்கள். ஆனால் எதிரே வந்து நின்ற கடைசி டாங்கியிலிருந்து பார்க்கும்போது அவருடைய மகன் எப்படித் தெரிந்தான் என்பதை இந்தியாவில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

2001இல், எண்பத்தொரு வயதில், பிறந்த ஊரான சர்கோதாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவர் பாகிஸ்தானுக்குப் போனார். லாகூர் விமான நிலையத்தில் அவரை வரவேற்றுத் தம் வீட்டிலேயே தங்கவைத்தவர், பாகிஸ்தான் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். சர்கோதா பயணத்துக்கும் அவரே வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தார். வீட்டில் எல்லோரும் அந்த முதியவரை அளவுகடந்த மரியாதையோடு நடத்தினார்கள். இவ்வளவு உபசாரம் எதற்காக என்று விருந்தாளிக்கே வியப்பாக இருந்ததாம். புறப்படுவதற்கு முந்தைய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாசர் அவரைத் தனியே அமர்த்திப் பேசத் தொடங்கினார். பல ஆண்டுகளாக உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன், எப்படி உங்களை அடைவது என்று தெரியாமல் இருந்தேன், விதியே உங்களை என் விருந்தாளியாக அனுப்பியிருக்கிறது என்று தொடங்கி, அந்த டிசம்பர் 16 காலையில் உங்கள் மகனுக்கு எதிரே இருந்த டாங்கியில் இருந்தவன் நான், அவர் என் குண்டால்தான் இறந்தார் என்று சொன்னார். இருவரும் ஒரே கணத்தில் சுட்டதையும், இருவருடைய டாங்கிகளும் அடிபட்டதையும், தாம் பிழைத்து அவர் இறந்தது விதி என்பதையும், அவ்வளவு இளையவர் என்பது பிறகுதான் தமக்குத் தெரியவந்தது என்பதையும் சொன்னார். உங்கள் மகனுடைய துணிவால்தான் அன்று நாங்கள் தோற்றோம் என்றும் சொன்னார்.

கேத்தர்பாலுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகனைக் கொன்றவரின் வீட்டில், அவர் உப்பைத் தின்றுகொண்டிருந்தார். இருவரும் இராணுவத்தில் வாழ்நாளைக் கழித்தவர்கள். கட்டளைப்படி சுட்டவன் மீது தனிப்பட்ட பகை கொள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அது மூளைக்குத் தெரிந்த நியாயம். தகப்பனின் மனம் அதை ஏற்பது வேறு. மறுநாள் இருவரும் ஒருவரையொருவர் தழுவி விடைபெற்றார்கள். பிறகு நாசர் தாங்கள் எடுத்துக்கொண்ட புகைப்படங்களை அனுப்பிவைத்தார். அதோடு ஒரு குறிப்பும் இருந்தது. 2001 மார்ச் 2 என்று நாளிட்ட அந்தக் குறிப்பில், 13 லான்சர்ஸின் எதிர்த்தாக்குதலில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே கடக்க முடியாத பாறையாக நின்றவர் என்று அருணைக் குறிப்பிட்டிருந்தார். தாங்கள் பாரா பிண்ட் போர் என்று அழைப்பதும், பூனா ஹார்ஸ் பசந்தர் போர் என்று நினைவில் வைத்திருப்பதும் ஒன்றே என்றும் எழுதியிருந்தார்.

நாசரைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். விருந்தாளி நிம்மதியாகச் சொந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. தம் பாரத்தை இறக்கிவைப்பதற்காக எண்பத்தொரு வயதுத் தகப்பனின் தலையில் அதை ஏற்றிவிட்டார் என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டிலருகே டிரங்குப் பெட்டியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடைசி நிமிடத்தில் எதிரே இருந்தவர் ஒருவர் வந்து, நான் பார்த்தேன், உங்கள் பிள்ளை இப்படித்தான் இருந்தான் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் யாராக இருந்தாலும், எந்த நாட்டுச் சீருடை போட்டவராக இருந்தாலும், அந்த அம்மா காப்பி கொடுத்து உட்காரவைத்துத்தான் கேட்டிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். நாசர் தம் குற்ற உணர்வை மட்டும் பேசவில்லை. அருணைப் பார்த்தவராகப் பேசினார். அதைத் தரக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

அருணுக்கு நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. பரம்வீர் சக்கரம் பெற்றவர்கள் இதுவரை மொத்தம் 21 பேர்தான். கார்கில் போரில் பத்தொன்பது வயது யோகேந்திர சிங் யாதவ் பெறும்வரை அவர்களில் மிக இளையவர் அருண்தான். அகாதெமிகளில் மைதானத்துக்கும் அரங்குக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அகமத்நகரில் ஃபமகுஸ்தாவைச் செப்பனிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 2023இல் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியபோது அவருடைய பெயரும் ஒரு தீவுக்குக் கிடைத்தது. இவையெல்லாம் வேண்டியவையே.

என் குறை ஒன்று உண்டு. ஃபமகுஸ்தாவுக்குள் அன்று இறந்தவர் இருவர். அருணைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நந்த் சிங்கின் பெயர் ஒரு வரியில் வந்துபோகிறது. பல கட்டுரைகளில் அதுவும் இல்லை. டாங்கியை விட்டு இறங்கமாட்டேன் என்று அருண் சொன்னபோது, இறங்காமல் இருந்தவர்கள் நால்வர். அடுத்த குண்டை எடுத்துப் பீரங்கிக்குள் திணித்துக்கொண்டிருந்த கை நந்த் சிங்குடையது. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய இருபத்தொரு வயது. பேருந்துச் சலுகை அட்டையை மறந்துவிட்டு வந்து அலுவலக வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்கள், தேர்வுக்கு முதல்நாள் குறிப்பேட்டுக்கு அலைபவர்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் வகுப்பு முடியும் கடைசிப் பத்து நிமிடங்களில் அவர்களுக்கு அருணைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். இனிமேல் நந்த் சிங்கையும் சேர்த்தே சொல்வேன், லாகூரில் அந்த இரவில் பேசியவரையும் சேர்த்து.